கல்லுக்குச் சட்டம், பலகைக்குத் தோட்டா

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டலஹாச்சி கவுன்ட்டி என்றொரு பருத்திச் சீமை இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 13,000-க்கும் குறைவு. அங்கே சரளைச் சாலை ஒன்று போய் முடிகிற ஆற்றங்கரையில் ஓர் அறிவிப்புப் பலகை நிற்கிறது. எடை 500 பவுண்டு. நம் கணக்கில் ஏறத்தாழ 227 கிலோ. துப்பாக்கிக் குண்டு துளைக்காத எஃகு. வங்கிப் பெட்டக அறைக்குப் போகவேண்டிய சரக்கை வாங்கி வந்து, கொலையுண்ட 14 வயதுச் சிறுவன் ஒருவனின் கதையை எழுதி நட்டிருக்கிறார்கள். வேறு வழியில்லை. இதற்கு முன்பு அதே இடத்தில் வைத்த மூன்று பலகைகளில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மற்ற இரண்டையும் சுட்டார்கள்.

அதே கவுன்ட்டியின் சம்னர் ஊரில், நீதிமன்றத்துப் புல்தரையில் இன்னொரு நினைவுச்சின்னம் உண்டு. 1913-ல் எழுப்பியது. அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோய், 1861 முதல் 1865 வரை போரிட்டுத் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் சிப்பாய்களுக்கு வைத்த கல். அதற்கு எஃகு தேவைப்படவில்லை. மாநிலச் சட்டமே அதற்குக் காவல்.

மிசிசிப்பியில் 2004-ல் வந்த அந்தச் சட்டம், விடுதலைப் போர் தொடங்கி இராக் போர் வரை ஒவ்வொரு போரையும் பெயர் சொல்லி அடுக்குகிறது. அந்தப் போர்களின் நினைவாகப் பொது இடத்தில் வைத்த சிலை, தூண், பெயர்ப்பலகை எதையும் அகற்றக் கூடாது, திருத்தக் கூடாது, பெயர் மாற்றக் கூடாது. மத்திய அரசுக்கும் 2003-ல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. பொது இடத்தில் உள்ள படைவீரர் நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 10 ஆண்டுகள் வரை சிறை. நல்ல சட்டம்தான். நாட்டுக்காகச் செத்தவர்களின் பெயரை எவனோ ஒருவன் சுத்தியால் உடைத்துவிட்டுப் போவதை யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் மாநிலச் சட்டம் அடுக்கும் அந்தப் பட்டியலில் போருக்கு மட்டும்தான் இடம். குடிமக்கள் உரிமைக்காக உயிர்விட்டவர்களுக்கோ, உரிமை மறுக்கப்பட்டதாலேயே உயிர்விட்டவர்களுக்கோ அதில் ஒரு வரி கிடையாது.

இந்தக் கட்டுரையின் புகார் இதுதான். ஒரே கவுன்ட்டி, ஒரே வரிப்பணம், இரண்டு நினைவுகள். ஒன்றுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. மற்றொன்றைப் பாதிக்கப்பட்டவர்களின் சொந்தபந்தமும், நன்கொடை திரட்டும் நாலு பேரும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தச் சிறுவன் எம்மெட் டில். சிகாகோவில் பிறந்து வளர்ந்தவன். 1955 ஆகஸ்டில் விடுமுறைக்காக, டலஹாச்சிக்குப் பக்கத்துக் கவுன்ட்டியான லெஃப்ளோரில் உள்ள 'மணி' என்ற சிற்றூருக்கு, அம்மாவின் மாமா மோஸ் ரைட் வீட்டுக்கு வந்தான். ஊரில் பிரையன்ட் என்பவரின் மளிகைக் கடை. கல்லாவில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டான் என்று பேச்சு கிளம்பியது. ஆகஸ்ட் 28-ம் தேதி விடிவதற்குள் கடைக்காரர் ராய் பிரையன்ட்டும் தாய் ஒருவர், தந்தை வேறான அவருடைய சகோதரர் ஜே.டபிள்யூ. மைலமும் துப்பாக்கியோடு வந்து பையனை இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து டலஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. கழுத்தில் முள்கம்பி, முள்கம்பியின் மறுமுனையில் பருத்தி அரவை ஆலையின் கனத்த இரும்பு விசிறி. முகம் முகமாக இல்லை. விரலில் கிடந்த, தந்தையின் முதலெழுத்துகள் பொறித்த மோதிரம்தான் அடையாளம் சொன்னது.

உள்ளூரிலேயே அவசர அவசரமாகப் புதைக்கப் பார்த்தார்கள். தாய் மேமி விடவில்லை. உடலைச் சிகாகோவுக்கு வரவழைத்து, சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்பதை உலகம் பார்க்கட்டும் என்பது அவருடைய முடிவு. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஜெட் பத்திரிகை படத்தை வெளியிட்டது.

விசாரணை செப்டம்பரில், சம்னர் நீதிமன்றத்தில். மேலே சொன்ன கல் நிற்கும் அதே வளாகம். ஐந்து நாள் நடந்தது. கருப்பின நிருபர்களுக்கு ஓர் ஓரத்தில் சீட்டாட்ட மேசை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். மோஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, என் வீட்டிலிருந்து பையனை இழுத்துப்போனவர் இவர்தான் என்று கை நீட்டிக் காட்டினார். அந்தக் காலத்து மிசிசிப்பியில் கருப்பர் ஒருவர் வெள்ளையரை நோக்கி நீதிமன்றத்தில் விரல் நீட்டுவது, தன் உயிருக்குத் தானே உலை வைத்துக்கொள்வதற்குச் சமம். சாட்சி சொன்ன கையோடு அவர் ஊரை விட்டே போக வேண்டியிருந்தது.

ஜூரியில் 12 பேர். அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். கவுன்ட்டியில் கருப்பினத்தவர்தான் பெரும்பான்மை. ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு ஜூரியில் இடமில்லை. அவ்வளவு சுத்தமான ஏற்பாடு. ஆற்றில் கிடைத்தது அந்தப் பையனின் உடலே அல்ல என்று ஷெரிஃபே வந்து சாட்சி சொன்னார். 67 நிமிடத்தில் விடுதலைத் தீர்ப்பு. நடுவில் சோடா குடிக்க நிறுத்தாமல் இருந்திருந்தால் இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஜூரி ஒருவர் பெருமையாகச் சொன்னார். ஒரு முறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது என்பதால், 1956 ஜனவரியில் இருவரும் லுக் பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள்.

இத்தனையும் நடந்த ஊரில், அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு ஒரு பலகை இல்லை. நீதிமன்றத்துக்கு வருகிறவர், 1860-களின் சிப்பாய்களைப் பற்றித் தெரிந்துகொண்டு திரும்பலாம். 1955-ன் பையனைப் பற்றி ஒரு வார்த்தை கண்ணில் படாது. மறதி என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறந்துபோனவர்கள் பலகையைச் சுடமாட்டார்கள்.

2006-ல்தான் நிலைமை அசைந்தது. கவுன்ட்டி மேற்பார்வையாளர் குழுவுக்குத் தலைவரான முதல் கருப்பினத்தவர் ஜெரோம் லிட்டில். அவருடைய முயற்சியில் எம்மெட் டில் நினைவு ஆணையம் உருவானது. ஒன்பது கருப்பர், ஒன்பது வெள்ளையர். 2007 அக்டோபர் 2-ம் தேதி, தீர்ப்பு வந்த அதே நீதிமன்றத்தின் முன்னால், டில் குடும்பத்தார் கேட்க, நீதியை நிலைநாட்டத் தவறினோம் என்று வருத்தம் தெரிவிக்கும் அறிக்கையைப் பொதுமக்கள் நடுவில் வாசித்தார்கள். கவுன்ட்டி தன் வரலாற்றில் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. 2008-ல் எட்டு இடங்களில் ஊதா நிறப் பலகைகள் வைத்தார்கள். நீதிமன்றத்தைப் பழுதுபார்த்து, 1955-ல் இருந்த கோலத்துக்கே கொண்டுவந்தார்கள். எதிரே இருந்த பழைய கடை ஒன்று விளக்க மையமானது.

பிறகு ஆரம்பித்தது துப்பாக்கி வேலை.

ஆற்றங்கரைப் பலகை இருந்தது கிளெண்டோரா ஊரை அடுத்த கிராபால் படித்துறையில். முதல் பலகையை அந்த 2008-லேயே காணோம். ஆற்றில் எறிந்துவிட்டதாக ஊரில் பேச்சு. இரண்டாவதை ஆண்டுக்கணக்கில், வருவோர் போவோரெல்லாம் குறிபார்த்துப் பழகும் தகரம்போல் சுட்டார்கள். அதன் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊதா வண்ணம் தோட்டா பட்ட இடத்திலெல்லாம் வட்டவட்டமாக உரிந்து, ஓட்டையின் விளிம்பு துருவேறி, எழுத்துக்கு நடுவே வெளிச்சம் வந்துகொண்டிருக்கும். எண்ணிப் பார்த்ததில் 317 துளைகள். அந்தப் பலகையை 2021-ல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தது. கொலையைப் பற்றிச் சொல்ல வைத்த பலகை, கொலைக்கு அறுபது ஆண்டுக்குப் பிறகும் அந்த வெறுப்பு உயிரோடிருக்கிறது என்பதற்குத் தடயமாகிவிட்டது.

மூன்றாவது பலகை 2018-ல் வந்தது. தாக்குப்பிடித்தது 35 நாள். 2019-ல் ஒரு படம் வெளியாயிற்று: மிசிசிப்பி பல்கலைக்கழக மாணவர்கள் மூவர், குண்டு துளைத்த பலகையைச் சுற்றித் துப்பாக்கிகளோடு நின்று, சிரித்த முகத்தோடு எடுத்துக்கொண்ட படம். சுட்டது அவர்களா, வேறு யாருமா என்பது அந்தப் படத்தை வைத்து முடிவுகட்டக்கூடியதல்ல. ஆனால் அந்தச் சிரிப்புக்கு விளக்கம் தேவையில்லை. அவர்கள் உறுப்பினராக இருந்த மாணவர் சங்கம் அவர்களை இடைநீக்கம் செய்தது. சம்பவம் வளாகத்துக்கு வெளியே நடந்தது என்பதால் தன் நடத்தை விதிக்குள் வராது என்று பல்கலைக்கழகம் ஒதுங்கிக்கொண்டது. 2019 அக்டோபர் 19-ம் தேதி எஃகுப் பலகை வந்தது, கூடவே கண்காணிப்புக் கேமராவும் அபாயச் சங்கும். இரண்டே வாரத்தில் வெள்ளை இனவாதக் கும்பல் ஒன்று கொடியோடு வந்து பலகையின் முன்னால் நின்று வீடியோ எடுத்தது. சங்கு அலறியதும் ஓட்டம் பிடித்தது.

போர் நினைவுக்கல் ஒன்றை யாராவது 317 முறை சுட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஷெரிஃப் அலுவலகம் வீடுவீடாகப் போயிருக்கும். மாநில சட்டமன்றத்தில் தீர்மானம் வந்திருக்கும். தொலைக்காட்சியில் முன்னாள் படைவீரர்கள் கண்ணீரோடு பேசியிருப்பார்கள், அதுவும் நியாயமாகவே. 317 என்பது ஓர் இரவில் குடித்துவிட்டு ஒருவன் செய்த சேட்டை அல்ல. பல கை, பல துப்பாக்கி, பல ஆண்டு. அத்தனை ஆண்டும் அது அங்கேயே நின்றது என்பதுதான் குற்றச்சாட்டு. சுட்டவன் மேல் மட்டும் அல்ல, பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகத்தின் மேலும்.

இனி ஆற்றைத் தாண்டி, கதை தொடங்கிய மணி ஊருக்குப் போகலாம். பிரையன்ட்டின் மளிகைக் கடை நின்ற இடம் அது. மிசிசிப்பி அரசு 2011-ல் தொடங்கிய 'சுதந்திரப் பாதை' வரிசையின் முதல் பலகையை இங்கேதான் வைத்தார்கள். 2017-ல் அதையும் விடவில்லை. முதலில் ஏதோ மழுங்கிய கருவியால் கீறினார்கள். அடுத்த மாதமே, படமும் எழுத்தும் ஒட்டியிருந்த தாளை உரித்து எறிந்தார்கள். பலகைக்குப் பின்னால் கடை என்று சொல்லிக்கொள்ள இருப்பது கொடி படர்ந்த சுவர். கூரை என்றோ போய்விட்டது. கட்டடம் தனியார் வசம். டில் வழக்கின் ஜூரிகளில் ஒருவரின் குடும்பத்தார் வசம்.

அந்தச் சுவரை ஒட்டி பளபளவென்று ஒரு பழைய காலத்துப் பெட்ரோல் பங்க் நிற்கிறது. 1950-களில் எப்படியிருந்ததோ அப்படியே புதுப்பித்திருக்கிறார்கள். காசு எங்கிருந்து வந்தது என்றால், குடிமை உரிமை வரலாற்றிடங்களைக் காக்க மாநில அரசு ஒதுக்கிய மானியத்திலிருந்து. 2 லட்சம் டாலருக்கு மேல். கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் டெல், எம்மெட் டில் நினைவிடங்களைப் பற்றி 2019-ல் எழுதிய நூலில் இதை விரிவாகத் தோண்டியெடுத்திருக்கிறார். டில் வழக்குக்கும் பெட்ரோல் பங்குக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த கடையில் நடந்ததைப் பற்றி அந்தக் காலத்து ஜனங்கள் பங்க் நிழலில் நின்று பேசியிருக்கலாம், அதுதான் சம்பந்தம். சம்பவம் நடந்த கடை இடிந்து விழுகிறது. வம்பு பேசிய திண்ணைக்கு வர்ணம் அடித்தாயிற்று. பொதுப்பணம் யார் கையில், எந்த நிபந்தனையில் போகிறது என்று கேட்க ஆளில்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது இன்னொரு வழக்கு. லுக் பத்திரிகைக்கு வாக்குமூலம் விற்றவர்கள் உண்மை முழுவதையும் விற்கவில்லை. கொலையில் வேறு சிலருக்கும் பங்கு இருந்தது. அவர்களை மறைக்க, சம்பவ இடத்தையே மாற்றிச் சொன்னார்கள். பையனை அடித்து நொறுக்கியது சன்ஃபிளவர் கவுன்ட்டியில், ட்ரூ ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு களஞ்சியத்தில். அங்கிருந்து வந்த அலறலைக் கேட்டதாக வில்லி ரீட் என்ற 18 வயது இளைஞர் நீதிமன்றத்திலேயே சாட்சி சொல்லியிருந்தார். அவருடைய சாட்சியத்தை ஜூரி மதிக்கவில்லை, பத்திரிகையும் மதிக்கவில்லை. கொலைகாரர்கள் வரைந்து கொடுத்த வரைபடமே பல பத்தாண்டு புத்தகங்களில் ஓடியது. சன்ஃபிளவர் கவுன்ட்டி கதையிலிருந்தே காணாமல் போயிற்று. ஆற்றில் உடல் கரையேறிய சரியான இடம் எது என்பதிலும் ஆய்வாளர்களுக்குள் வேறுபாடு உண்டு. பலகை வைப்பது சடங்கல்ல, சாட்சியம் என்று நினைத்தால், வாசகத்தை அவ்வப்போது சரிபார்த்துத் திருத்தவும் ஓர் அமைப்பு வேண்டும். அது இப்போது ஆர்வலர்களின் தலையில்.

டலஹாச்சி மட்டும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். லூசியானா மாநிலத்தின் கிராண்ட் வட்டாரத்தில் கோல்ஃபாக்ஸ் என்றொரு ஊர். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. தேர்தல் தகராறில் வெள்ளையர் படை திரண்டு வந்து, நீதிமன்றத்தைக் காத்து நின்ற கருப்பினத்தவரைக் கொன்று குவித்தது. சரணடைந்தவர்களையும் விடவில்லை. அந்த இடத்தில் 1950-ல் அரசு ஒரு பலகை வைத்தது. படுகொலைக்குக் 'கலவரம்' என்று பெயர். அதனால் தெற்கில் தவறான ஆட்சி முடிவுக்கு வந்தது என்று மகிழ்ச்சி வேறு. அது 2021-ல்தான் இறங்கியது. 71 ஆண்டுகள் அரசாங்க முத்திரையோடு பொய் நின்றது. 2023-ல், படுகொலையின் 150-வது நினைவு நாளில், கொல்லப்பட்டவர்களின் பெயர் பொறித்த கருங்கல் நினைவுச்சின்னம் அங்கே வந்தது. கொன்றவர்களின் வழித்தோன்றலும் கொல்லப்பட்டவர்களின் வழித்தோன்றலும் சேர்ந்து எழுப்பியது அது.

தென் கரோலினாவின் கிரீன்வுட் நகரக் கதை போர் நினைவுச்சின்னத்தைப் பற்றியதே. இரண்டு உலகப் போர்களிலும் மாண்ட உள்ளூர்ச் சிப்பாய்களின் பெயர்கள் வெண்கலத்தில் இரண்டு பட்டியல்களாக இருந்தன. வெள்ளையர் தனி, கருப்பர் தனி. ஒரே போர், ஒரே சீருடை, ஒரே சாவு. கல்லில் மட்டும் தனித்தனி வரிசை. அகர வரிசையில் ஒரே பட்டியலாக்கலாம் என்று நகர மேயரே முன்வந்தார். மக்கள் நன்கொடை கொடுத்தார்கள், புதிய பலகையும் தயாரானது. குறுக்கே வந்து படுத்தது, போர் நினைவுச்சின்னங்களை மாற்றக்கூடாது என்னும் அந்த மாநிலத்துச் சட்டம். நீதிமன்றம் வரை போய், 2015-ல்தான் விடிவு. நாட்டுக்காக உயிர்விட்ட கருப்புச் சிப்பாய்க்கு அவமானம் இழைத்த கல்லையே, சிப்பாயைக் காக்க வந்த சட்டம் காத்தது.

எதிர்வாதம் ஒன்று எப்போதும் வரும். ஏழைக் கவுன்ட்டி, பள்ளிக்கும் சாலைக்குமே பணமில்லை, பலகைக்கு எங்கே போவது? ஏழ்மை உண்மைதான். டலஹாச்சியில் ஆலைகள் அதிகமில்லை. பருத்தி அறுவடைக்கு இயந்திரம் வந்த பிறகு ஜனம் ஊரைக் காலிசெய்து வடக்கே போயிற்று. ஆனால் கேட்பது கோடிகளை அல்ல. எங்கெங்கே என்னென்ன நினைவுச்சின்னம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, யார் பொறுப்பு என்று ஒரு பதிவேடு. ஆண்டுக்கொரு முறை ஒரு பணியாளர் வண்டியில் சுற்றிவந்து படம் எடுத்தால் போதும். சேதமிருந்தால் ஷெரிஃப் அலுவலகத்தில் புகார். அது வழக்காகப் பதிவாக வேண்டும். பழுதுபார்ப்புக்கு பட்ஜெட்டில் ஒரு தலைப்பு, சின்னதாக இருந்தாலும் சரி. இன்று பலகை சேதமானால் நன்கொடைக்குக் கையேந்துவது வாடிக்கை. அரசின் குற்றத்துக்கு அரசு வைத்த பலகையை, அரசு பழுதுபார்ப்பதற்கு ஏன் தர்மம் கேட்க வேண்டும்?

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. கூட்டமைப்புச் சிப்பாய் சிலையை நீக்கினால் வரலாற்றை அழிப்பதாகாதா? நீக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. மேலே சொன்ன 2004 சட்டத்துக்குள்ளேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. நினைவுச்சின்னத்துக்கு இன்னும் பொருத்தமான இடம் வேறொன்று உண்டு என்று உள்ளாட்சி முடிவு செய்தால், அங்கே மாற்றிவைக்கலாம். மிசிசிப்பி பல்கலைக்கழகம் அப்படித்தான் செய்தது. வளாகத்தின் முகப்பில் நின்ற சிலையை 2020 ஜூலையில் அங்குள்ள போர்க் கல்லறைக்குக் கொண்டுபோய் வைத்தது. செத்த சிப்பாயின் சிலைக்குக் கல்லறையைவிடப் பொருத்தமான இடம் எது? நீதிமன்ற வாசல் உயிரோடிருப்பவர்களுக்கானது. நியாயம் கேட்டு வரும் கருப்பினப் பெண்மணி, தன் முன்னோரை அடிமையாக வைத்திருக்கப் போரிட்டவர்களின் கல்லைத் தாண்டித்தான் படியேற வேண்டும் என்ற நிலை, நீதிமன்றத்துக்கு அழகல்ல.

முடிவெடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லெஃப்ளோர் கவுன்ட்டி மேற்பார்வையாளர்கள் தங்கள் நீதிமன்றத்துச் சிலையை அகற்ற 2020 ஜூனிலேயே வாக்களித்தார்கள். 2022 அக்டோபரில் அதே கவுன்ட்டியில் எம்மெட் டில்லுக்கு ஒன்பது அடி வெண்கலச் சிலை திறந்தபோதும், பழைய கல் இருந்த இடத்திலேயே இருந்தது. வாக்களித்துக் கோப்பைக் கட்டிவைப்பதற்கு நம் ஊரில் மட்டும்தான் ஆள் உண்டு என்று எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம்.

2023 ஜூலை 25. எம்மெட் உயிரோடிருந்தால் 82 வயது நிறையும் நாள். அன்று அதிபர் பைடன், கிராபால் படித்துறையையும், சம்னர் நீதிமன்றத்தையும், சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயத்தையும் சேர்த்து, எம்மெட் டில் மற்றும் மேமி டில்-மோப்லி பெயரில் தேசிய நினைவிடமாக அறிவித்தார். பராமரிப்பு தேசியப் பூங்காத் துறையிடம் போயிற்று. ஆற்றங்கரைப் பலகைக்கு ஒருவழியாக மத்திய அரசின் காவல் கிடைத்தது. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் பலகைகளுக்கு? மணி ஊர்க் கடைக்கு? அவை பழைய நிலையில்தான்.

மத்திய அரசை நம்பி உள்ளாட்சி கைகழுவிவிடவும் முடியாது. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, மத்திய அரசின் வரலாற்றிடங்களில் அமெரிக்கர்களைச் சிறுமைப்படுத்தும் வாசகங்கள் உள்ளனவா என்று பார்க்கச் சொல்கிறது. அதைத் தொடர்ந்து, எதிர்மறையான வாசகங்களைக் கண்டால் தெரிவியுங்கள் என்று பூங்காக்களில் பார்வையாளர்களிடமே கேட்டு அறிவிப்பு வைத்தார்கள். ஒரு சிறுவனின் கழுத்தில் இரும்பு விசிறியைக் கட்டி ஆற்றில் எறிந்த கதையை நேர்மறையாக எப்படி எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை. வாஷிங்டனில் காற்று திசைமாறும்போதெல்லாம் வாசகமும் மாறாமலிருக்க, கவுன்ட்டியும் மாநிலமும் தங்கள் சட்டத்திலேயே இதற்கு இடம் கொடுத்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியதில் முதன்மையானது, 2004 சட்டத்தின் பட்டியலை விரிப்பது. போர் நினைவுச்சின்னத்துக்கு என்ன பாதுகாப்போ, குடிமை உரிமை நினைவிடத்துக்கும் அதே பாதுகாப்பு. கூடவே, தவறான வாசகத்தை ஆதாரத்தோடு திருத்த வழி. இல்லையென்றால் கிரீன்வுட் கதைதான் திரும்பும். மணி ஊர்க் கடையை மாநில அரசே நியாய விலை கொடுத்து வாங்கி, இருக்கிற சுவரையாவது விழாமல் முட்டுக்கொடுக்க வேண்டும். பக்கத்து பங்குக்குக் காசு கிடைத்தது என்றால் இதற்கும் கிடைக்கும். பலகை மேல் சுடும் ஒவ்வொரு சம்பவத்தையும் வெறுப்புக் குற்றமாகக் கருதி விசாரிக்க வேண்டும். மிசிசிப்பி முழுவதும் ஊர் ஊராக நிற்கும் ப்ளூஸ் இசைப் பாதைப் பலகைகளைச் சுற்றுலா வருமானத்துக்காகக் காட்டிக்கொள்ளும் மாநிலம், அந்த இசை பிறந்த வேதனையைச் சொல்லும் பலகையையும் காக்கக் கடமைப்பட்டது.

அமெரிக்காவில் வாழும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மெம்பிஸ் பக்கம் போனால், தெற்கே இரண்டு மணி நேரத்துக்குள் சம்னர் வந்துவிடும். எல்விஸ் வீட்டைப் பார்த்த கையோடு இதையும் பாருங்கள். நீதிமன்றத்துக்குள் போய் அந்த ஜூரி நாற்காலிகளைப் பாருங்கள். வெளியே புல்தரையில் நிற்கும் கல்லையும் பாருங்கள். எந்தப் பலகையிலாவது துளையோ கீறலோ இருந்தால் படம் எடுத்து, எதிரே உள்ள விளக்க மையத்தில் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் கவுன்ட்டி மேற்பார்வையாளர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குழுவில் இருப்பது ஐந்தே பேர். ஐந்து பேரும் தேர்தலில் நின்று வந்தவர்கள். வெளியூர்க்காரர் எழுதும் கடிதம், ஊர் பெயர் வெளியே எப்படிப் போகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லும்.